லிவரி: ஒரு சொல்லும் அதற்கான தமிழும்

2011 மே மாதம் இங்கிலாந்தின் யார்க் நகரில் உள்ள தேசிய ரயில்வே அருங்காட்சியகத்தில் ‘ஃப்ளையிங் ஸ்காட்ஸ்மேன்’ நீராவி எஞ்சினைப் பார்வைக்கு வைத்தார்கள். உலகம் அறிந்த அதன் ஆப்பிள் பச்சை நிறம் எங்கும் இல்லை. உடல் முழுக்கக் கருப்பு. ஓட்டுநர் அறையின் ஒரு பக்கத்தில் 103 என்ற எண், மறுபக்கத்தில் 502. பின்னால் கரியும் தண்ணீரும் சுமக்கும் டெண்டரில் ‘என்.இ.’ என்று இரண்டே எழுத்துகள்.

எழுதியவர்கள் தவறு செய்துவிடவில்லை. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இந்த எஞ்சின் உண்மையிலேயே கருப்பாகத்தான் ஓடியது. பெயிண்டும் ஆளும் கிடைக்காத நேரம் என்பதால் அதை ஓட்டிய எல்.என்.இ.ஆர். (லண்டன் அண்டு நார்த் ஈஸ்டர்ன் ரயில்வே) கம்பெனி தன் பெயரையே இரண்டு எழுத்தாகச் சுருக்கிக்கொண்டது. 1946இல் எண்களை மாற்றியபோது முதலில் 502 கொடுத்தார்கள், அதே ஆண்டில் அதை 103 ஆக்கினார்கள். அந்த இரண்டு எண்களையும் பக்கத்துக்கு ஒன்றாகத் திரும்பக் கொண்டுவந்ததைத்தான் 2011இல் மக்கள் பார்த்தார்கள்.

ஓய்வுபெற்ற எஞ்சினுக்கு அதன் பழைய காலம் ஒன்றின் தோற்றத்தை இப்படித் திருப்பிக் கொடுப்பதை ரயில் ஆர்வலர்கள் ‘லிவரி மாற்றுவது’ என்பார்கள். ரயில், பேருந்து, விமானம் என்று எல்லா இடத்திலும் இந்தச் சொல் இருக்கிறது. தமிழில் எழுதும்போது பலரும் ‘வண்ணம்’ என்றோ ‘பெயிண்ட்’ என்றோ முடித்துவிடுகிறோம். நானும் பல காலம் அப்படித்தான் எழுதினேன். சொல்லின் வேரைத் தேடிப் போனபோதுதான் எவ்வளவு விட்டுப்போகிறது என்று புரிந்தது.

லிவரி பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. பிரெஞ்சில் ‘லிவ்ரே’ என்றால் ‘கையில் கொடுக்கப்பட்டது’. அதற்கும் மூலம் லத்தீனின் ‘லிபெராரே’, அதாவது விடுவித்தல். கையிலிருந்து விடுவது கொடுப்பதாக ஆகி, கொடுப்பது கொடுத்த பொருளாக ஆகிவிட்டது. வீட்டுக்குப் பார்சல் வந்தால் நாம் சொல்லும் ‘டெலிவரி’யும் இதே வேரில் பிறந்ததுதான். லிவரியும் டெலிவரியும் அக்கா தங்கை.

சரி, யார் யாருக்கு என்ன கொடுத்தார்கள்? இடைக்கால ஐரோப்பாவில் ஒரு பிரபுவின் வீட்டில் நூற்றுக்கணக்கான ஆட்கள் இருந்தார்கள். அவர்களுக்கு உணவு, மெழுகுவர்த்தி, துணி என்று வீட்டிலிருந்தே அளந்து கொடுத்தார்கள். இந்தப் பொருளுக்குத் தமிழில் அச்சாக ஒரு சொல் இருக்கிறது: படி. ‘படியளப்பது’ என்கிறோமே, அதேதான். பயணப்படி, பஞ்சப்படி என்று இன்றும் அது நம் வாயில் புழங்குகிறது. குதிரைக்கு அளந்த தீனிக்கும் ஆங்கிலத்தில் லிவரி என்றே பெயர். காசு வாங்கிக்கொண்டு அடுத்தவர் குதிரையைப் பராமரிக்கும் லாயத்தை இன்னும் ‘லிவரி ஸ்டேபிள்’ என்கிறார்கள்.

கொடுத்தவற்றில் எல்லார் கண்ணிலும் பட்டது துணிதான். ஒவ்வொரு பிரபுவும் தன் ஆட்களுக்கு ஒரே நிறத்தில், தன் சின்னம் பொறித்த உடை கொடுத்தார். உடையைப் பார்த்தாலே இன்னார் ஆள் என்று தெரிந்துவிடும். இதில் அரசர்களுக்கு ஓர் அச்சமும் இருந்தது. ஒருவர் ஆயிரம் பேருக்கு ஒரே உடை கொடுத்தால் அது தனிப்படை ஆகிவிடாதா? அதனால் இங்கிலாந்தில் லிவரி கொடுப்பதைக் கட்டுப்படுத்தவே சட்டங்கள் போட்டார்கள். 1504இல் ஏழாம் ஹென்றி கொண்டுவந்த சட்டம் அதில் ஒன்று. லண்டன் நகரின் பழைய தொழிற்குழுக்களை ‘லிவரி கம்பெனி’ என்று அழைப்பதும் உடையை வைத்துத்தான். அந்தக் குழுவின் உடையை அணியும் உரிமை பெற்றவர் ‘லிவரிமேன்’.

பழந்தமிழ் நாட்டில் இந்த வேலையைப் பூ செய்தது. சேரர்க்குப் பனம்பூ, சோழர்க்கு ஆத்தி, பாண்டியர்க்கு வேம்பு. வீரன் சூடியிருக்கும் பூவே அவன் எந்தப் பக்கம் என்று சொல்லிவிடும். அதற்கு ‘அடையாளப் பூ’ என்று பெயர். அழகுக்காகச் சூடும் பூவிலிருந்து அது வேறுபட்டது. லிவரிக்கும் வெறும் வண்ணத்துக்கும் உள்ள வேறுபாடு இதுவேதான்.

19ஆம் நூற்றாண்டில் பிரிட்டனில் ரயில் கம்பெனிகள் பெருகின. ஒவ்வொன்றும் தன் எஞ்சினுக்குத் தனி நிறம், தனி ஓரக்கோடு, தனி எழுத்து என்று வகுத்துக்கொண்டது. பிரபு வீட்டுச் சொல் தண்டவாளத்துக்கு வந்தது அப்படித்தான். மிட்லண்ட் ரயில்வே அடர் சிவப்பு, கலிடோனியன் நீலம், கிரேட் வெஸ்டர்ன் பச்சையோடு செம்பு விளிம்பு வைத்த புகைபோக்கி. லண்டன், பிரைட்டன் அண்டு சவுத் கோஸ்ட் ரயில்வேயின் தலைமைப் பொறியாளர் வில்லியம் ஸ்ட்ரௌட்லி தன் எஞ்சின்களின் நிறத்துக்கு ‘மேம்படுத்திய எஞ்சின் பச்சை’ என்று பெயர் வைத்தார். நேரில் பார்த்தால் அது பொன்மஞ்சள். பெயரை மட்டும் நம்பிப் பெயிண்ட் வாங்கப் போனால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். பழைய எஞ்சினைப் பேணுகிறவர்கள் அசல் பூச்சின் சிறு துணுக்கு கிடைத்தால்கூடப் பொத்திப் பொத்தி வைப்பது இதனால்தான்.

1923இல் நூற்றுக்கும் மேற்பட்ட கம்பெனிகளை நான்காக இணைத்தார்கள். 1948இல் நான்கும் அரசுடைமை ஆயின. ஒவ்வொரு தடவையும் பல எஞ்சின்களுக்கு எண், எழுத்து, நிறம் எல்லாம் மாறியது. 1923க்கு முன் பிறந்து 1960கள் வரை உழைத்த எஞ்சின் பெரும்பாலும் மூன்று முதலாளிகளைப் பார்த்திருக்கும். இடையில் போர்க்காலக் கருப்பு வேறு. ஆகவே ‘இந்த எஞ்சினின் அசல் நிறம் என்ன?’ என்று கேட்டால் ஒரே பதில் கிடையாது. ‘எந்த ஆண்டில்?’ என்றுதான் திருப்பிக் கேட்க வேண்டும்.

சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. நிறம் மாறிய அதே ஆண்டுகளில் எஞ்சினின் உடம்பும் மாறிக்கொண்டே இருந்தது.

ஃப்ளையிங் ஸ்காட்ஸ்மேனையே எடுத்துக்கொள்வோம். 1923இல் டான்காஸ்டர் பணிமனையில் பிறந்தது, எண் 1472. அடுத்த ஆண்டே 4472 ஆகி லண்டனின் வெம்ப்ளியில் நடந்த கண்காட்சிக்குப் போனது. 1934 நவம்பர் 30 அன்று மணிக்கு 100 மைல் வேகத்தைத் தொட்டது ஆப்பிள் பச்சைக் கோலத்தில்தான். 1947இல் வேறு வகைக் கொதிகலன் வைத்து ஏ1 வகுப்பிலிருந்து ஏ3 ஆக்கினார்கள். 1948இல் 60103 என்று எண் வந்தது. சில காலம் நீலம், பிறகு அடர்ந்த பிரன்ஸ்விக் பச்சை. 1950களின் இறுதியில் இரட்டைப் புகைபோக்கி வைத்தார்கள். அதனால் புகை மேலே எழும்பாமல் ஓட்டுநரின் பார்வையை மறைத்தது. 1961இல் புகைப்பெட்டியின் இருபுறமும் புகை விலக்கும் தகடுகள் பொருத்தினார்கள். 1963 ஜனவரியில் ஓய்வு.

அதை விலைக்கு வாங்கிய ஆலன் பெக்லர் தகடுகளைக் கழற்றினார், ஒற்றைப் புகைபோக்கிக்குத் திரும்பினார், அதன் பிறகே 4472 என்று எழுதி ஆப்பிள் பச்சை பூசினார். நிறமும் உடம்பும் ஓரளவு ஒத்துப்போயின. 1999இல் வேறொரு மீட்டமைப்பு முடிந்து வந்தபோது ஆப்பிள் பச்சையும் 4472ம் இருந்தன, ஆனால் மேலே இரட்டைப் புகைபோக்கி. 1930களின் உடையில் 1960இன் உடம்பு! பணியில் இருந்த காலத்தில் ஸ்காட்ஸ்மேன் அப்படி ஒரு நாளும் ஓடியதில்லை. இரட்டைப் புகைபோக்கியால் எஞ்சினின் திறன் கூடுகிறது என்பது உண்மை. ஓட்டுகிறவர்களுக்கு அது பெரிய காரணம்தான், மறுக்க முடியாது. ஆனாலும் படங்களைப் பார்க்கும்போதெல்லாம் என் கண் புகைபோக்கியிலேயே போய் நிற்கும். 2016இல் நீண்ட பழுதுபார்ப்புக்குப் பிறகு அது 60103 என்ற எண்ணோடும், பிரன்ஸ்விக் பச்சையோடும், இரட்டைப் புகைபோக்கி, தகடுகளோடும் வந்தபோது எல்லாம் ஒரே காலத்தில் வந்து நின்றன. ஆப்பிள் பச்சையை எதிர்பார்த்த பலருக்கு வருத்தம்தான். எனக்கு அந்தத் தேர்வு சரியாகவே படுகிறது.

‘சிட்டி ஆஃப் ட்ரூரோ’வுக்கும் இதே கதை. 1903இல் 3440 என்ற எண்ணோடு பிறந்தது. 1904 மே 9 அன்று 100 மைலைத் தாண்டியதாகச் சொல்லப்படும் ஓட்டத்தால் புகழ்பெற்றது. 1911இல் நீராவியை மேலும் சூடாக்கும் சூப்பர்ஹீட்டர் வைத்தார்கள், 1912இல் எண் 3717 ஆனது. 1957இல் அருங்காட்சியகத்திலிருந்து எடுத்து மீண்டும் ஓட்டியபோது, புகழ்பெற்ற 3440 என்ற எண்ணையும் ஆரம்பக் கால அலங்காரத்தையும் கொடுத்தார்கள். உடம்பு மட்டும் பிந்தைய காலத்தது. 2010இல் உடம்புக்குப் பொருந்தும் 3717 அதற்கு மீண்டும் கிடைத்தது.

எதிர்த்திசையில் போன ஒரு வேலையும் உண்டு. ‘டச்சஸ் ஆஃப் ஹாமில்டன்’ 1938இல் காற்றைக் கிழிக்கும் வளைந்த உலோகப் போர்வையோடு, சிவப்பில் பொன் பட்டைகள் ஓட, பிறந்தது. 1939இல் அமெரிக்காவுக்குப் போனபோது ‘கொரோனேஷன்’ என்ற உடன்பிறப்பின் பெயரையும் 6220 என்ற எண்ணையும் தரித்துக்கொண்டு போனது. 1940களின் பிற்பகுதியில் போர்வையைக் கழற்றிவிட்டார்கள். ஓய்வுக்குப் பிறகும் போர்வை இல்லாமலே நெடுங்காலம் இருந்தது. 2009இல் அந்தப் போர்வையைப் புதிதாகச் செய்து மாட்டிவிட்டார்கள். இதை ‘பெயிண்ட் மாற்றினார்கள்’ என்று எழுத முடியுமா?

இப்போது தமிழுக்கு வருவோம். ‘பூச்சு’, ‘வண்ணம்’ இரண்டும் போதாது என்பது தெளிவு. எண், எழுத்து, சின்னம், ஓரக்கோடு, புகைபோக்கி எதுவும் அவற்றில் அடங்காது. ‘சீருடை’ மூலப்பொருளுக்கு மிக அருகில் வருகிறது. ஆனால் அதைக் கேட்டதும் ஓட்டுநரின் சட்டைதான் மனதில் வரும். ‘ரயில்வேயின் புதிய சீருடை’ என்று எழுதினால் எஞ்சினைப் பற்றிப் பேசுகிறோம் என்று யாருக்குத் தெரியும்? ‘அடையாள வண்ணம்’ நல்ல சொல். விமானம், பேருந்துக்கு அதையே வைத்துக்கொள்ளலாம், ஏனென்றால் அங்கே பெரும்பாலும் நிறமும் சின்னமும்தான் பேச்சு.

நீராவி எஞ்சினுக்கு எனக்குப் பிடித்த சொல் ‘கோலம்’. அழகு, நிறம், வடிவம், உடை, ஒப்பனை என்று இதற்கு இருக்கும் பொருள்கள் ஒவ்வொன்றும் லிவரிக்குள் இருக்கின்றன. மணக்கோலம், போர்க்கோலம், தவக்கோலம் என்று முன்னால் ஒரு சொல்லைச் சேர்த்தால், ஒரே ஆள் எந்தச் சமயத்தில் எப்படி நிற்கிறார் என்பது வந்துவிடுகிறது. கோலம் மாறினாலும் ஆள் மாறுவதில்லை என்ற எண்ணமும் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. ‘வண்ணக்கோலம்’ என்று சொல்லிப் பார்த்தேன், வாசலில் போடும் பொடிக்கோலம்தான் முன்னால் வந்து நின்றது. அதனால் ‘பணிக்கோலம்’ என்கிறேன். எஞ்சின் பணியில் இருந்தபோது தரித்த தோற்றம், ஒருவரிடம் பணி செய்ததற்கு அடையாளமாகப் பெற்ற தோற்றம், இரண்டும் அதில் வருகின்றன. பிரபுவின் வீட்டில் பிறந்த சொல் பணியாளோடு சேர்ந்தே இருப்பது பொருத்தம்தானே.

பயன்படுத்திப் பார்க்கலாம். ‘எஞ்சின் 1946ஆம் ஆண்டுப் பணிக்கோலத்தில் நிற்கிறது.’ ‘போர்க்காலப் பணிக்கோலம் தரித்தது.’ ‘கொதிகலனின் 10 ஆண்டுச் சான்று முடிந்து பெரிய பழுதுபார்ப்புக்குப் போகிறது, அப்போது பணிக்கோலத்தை மாற்றுகிறார்கள்.’ எங்கும் இடறவில்லை. 1999 ஸ்காட்ஸ்மேன் போல நிறமும் உடம்பும் வேறு வேறு காலத்தவையாக இருந்தால் ‘கலவைக் கோலம்’ என்று சொல்லிவிடலாம்.

ஓர் எஞ்சின் மட்டும் இந்தச் சொல்லுக்குள் எளிதில் அடங்காது. ‘டோர்னேடோ’ 2008இல் புதிதாகக் கட்டி முடித்த நீராவி எஞ்சின். பெப்பர்கார்ன் என்ற பொறியாளர் வடிவமைத்த பழைய ஏ1 வகுப்பின் (ஸ்காட்ஸ்மேனின் ஏ1 வேறு) 49 எஞ்சின்களில் கடைசியின் எண் 60162. இது அதற்கு அடுத்ததாக 60163 ஆனது. பழைய கம்பெனி எதிலும் இது உழைத்ததில்லை, ஆகவே சொந்தமாகப் பழைய பணிக்கோலம் எதுவும் கிடையாது. ஆனாலும் முதலில் ஆப்பிள் பச்சை, பிறகு பிரன்ஸ்விக் பச்சை, 2012இல் நீலம் என்று மாறி மாறித் தரித்தது. எல்லாம் அந்த 49 அண்ணன்மார்களின் கோலங்கள். அவற்றில் ஒன்றைக்கூட விட்டுவைக்காமல் 1960களில் உடைத்துவிட்டார்கள். அந்தக் கோலங்களைத் தரித்து நிற்க இந்தத் தம்பி ஒருவன்தான் இருக்கிறான்.