தெருவிளக்கை ஒட்டிய கிளை

இலையுதிர்காலம் முடியப்போகும் நாட்களில், ஏதாவது ஒரு சின்ன ஊரின் தெருவில், பொழுது சாய்ந்த பிறகு நடந்து பாருங்கள். மரங்களெல்லாம் மொட்டையாக நிற்கும். தெருவிளக்கை ஒட்டிய கிளையில் மட்டும் ஒரு கொத்து இலை இன்னும் பச்சையாகத் தொங்கிக்கொண்டிருக்கும். அதே மரத்தின் மறுபக்கக் கிளைகளில் ஒன்றுகூட மிஞ்சியிருக்காது. ஒரே வேர், ஒரே மண், ஒரே குளிர். அப்புறம் ஏன் இந்த ஒரு கிளைக்கு மட்டும் சேதி போய்ச் சேரவில்லை?

இலை ஏன் விழுகிறது என்று கேட்டால், குளிர் வந்தது, இலை காய்ந்தது, காற்றடித்தது, விழுந்தது என்றுதான் பெரும்பாலும் சொல்வோம். அந்தக் கிளையைப் பார்த்த பிறகு அப்படிச் சொல்ல மனம் வராது. இலை உதிர்ப்பது மரம் நாள் பார்த்துச் செய்கிற வேலை. வாரக்கணக்கில் நடக்கும் வேலை. அதைப் பார்ப்பதற்குச் சின்ன ஊர்தான் சரியான இடம் என்பது என் எண்ணம். தினமும் அதே தெருவில், அதே மரங்களைத் தாண்டித்தானே போய்வருகிறோம்!

மரத்துக்கு நாள் தெரிவது இரவின் நீளத்தை வைத்து. பூமியின் அச்சு சுமார் 23.4 டிகிரி சாய்ந்திருப்பதால் ஆண்டு முழுக்கப் பகலின் நீளம் மாறிக்கொண்டே இருக்கிறது. அந்த மாற்றம் மிக வேகமாக இருப்பது பகலும் இரவும் சமமாகும் நாளை ஒட்டித்தான். இலையுதிர்காலத்தில், வட பாதியில் அது செப்டம்பர் 22 அல்லது 23. தென் பாதியில் மார்ச் 20 வாக்கில். 45 டிகிரி அட்சரேகையில் இருக்கும் ஓர் ஊரில் அப்போது நாளுக்கு மூன்று நிமிடம் போலப் பகல் குறைகிறது. வாரத்துக்கு இருபது நிமிடம். போன வாரம் வெளிச்சத்தில் சைக்கிள் மிதித்து வீடு திரும்பிய பிள்ளைகள், இந்த வாரம் அதே நேரத்தில் தெருவிளக்கு எரிவதைப் பார்த்து அண்ணாந்து நிற்பார்கள்.

இதே கணக்கை மரமும் போடுகிறது. இலைகளில் பைட்டோகுரோம் என்றொரு நிறமி இருக்கிறது. சிவப்பு ஒளி பட்டால் அது ஒரு வடிவத்துக்கு மாறும். இருட்டில் மெல்ல மெல்லப் பழைய வடிவத்துக்குத் திரும்பும். இரவு நீள நீள, திரும்பியதன் அளவு கூடும். அதையும் தனக்குள் ஓடும் உயிர்க் கடிகாரத்தையும் சேர்த்துப் பார்த்து, இரவு எவ்வளவு நீளம் என்று இலை தெரிந்துகொள்ளும். குளிரும் இதில் சேர்ந்துகொள்கிறது. இதமான வெப்பம் நீடிக்கும் ஆண்டில் எல்லாமே கொஞ்சம் தள்ளிப்போகும். ஆனால் குளிர் ஒரு வருடம் முந்தும், ஒரு வருடம் பிந்தும். இரவின் நீளம் மட்டும் ஆண்டுதோறும் சொன்ன தேதிக்குச் சொன்னபடி வரும். நம்பி வேலை தொடங்க அதைவிட நல்ல சாட்சி மரத்துக்குக் கிடைக்காது.

சரி, நாள் தெரிந்ததும் மரம் என்ன செய்கிறது? வீட்டைக் காலி செய்கிறவர்கள் செய்வதைத்தான். எடுத்துப் போகக்கூடியதையெல்லாம் முதலில் எடுத்துவிடுகிறது.

இலையில் விலைமதிப்பான பொருள் நைட்ரஜன். ஒளிச்சேர்க்கை செய்யும் புரதங்களில்தான் அதன் பெரும்பகுதி இருக்கிறது. வேர்கள் மண்ணிலிருந்து அரும்பாடுபட்டுத் தேடிக் கொடுத்த சரக்கு அது, விட்டுவிட முடியுமா? மரம் அந்தப் புரதங்களைத் துண்டு துண்டாக உடைத்து, சாற்றுக்குழாய் வழியாகக் கிளைக்கும் தண்டுக்கும் வேருக்கும் இழுத்துக்கொள்கிறது. இலையிலிருந்த நைட்ரஜனிலும் பாஸ்பரஸிலும் ஏறக்குறைய பாதியோ அதற்கு மேலோ இப்படித் திரும்பிவிடும். கால்சியத்தை மட்டும் அந்தக் குழாய் வழியாகத் திருப்ப முடியாது. அது இலையோடு போகும்.

இந்த வேலை நடக்க வேண்டுமானால் பச்சையம் முதலில் ஒழிய வேண்டும். பச்சையம் எப்போதுமே சிதைந்துகொண்டிருக்கும் பொருள்தான். கோடையில் மரம் புதிதாகச் செய்து போட்டுக்கொண்டே இருப்பதால் நமக்குத் தெரிவதில்லை. இப்போது புதிதாகச் செய்வதை நிறுத்திவிட்டு, இருப்பதையும் பார்த்துப் பார்த்துப் பிரிக்கிறது. பார்த்துப் பார்த்து என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. புரதத்தின் பிடியிலிருந்து விடுபட்ட பச்சையம் வெயிலை வாங்கும், ஆனால் வாங்கிய ஆற்றலை ஒழுங்காகச் செலவழிக்க வழியிருக்காது. சுற்றியிருக்கும் செல்லையே அது சுட்டுவிடும். அதனால் மரம் அதை நிறமில்லாத, தீங்கில்லாத பொருளாக மாற்றி ஓர் ஓரமாக ஒதுக்கி வைக்கிறது.

பச்சை விலகியதும் அடியிலிருந்த மஞ்சள் தெரிகிறது. கேரட்டுக்கு நிறம் கொடுக்கும் அதே கரோட்டினாய்டு குடும்பம்தான். இளவேனிலில் தளிர் விட்ட நாளிலிருந்தே இலைக்குள் இருந்தது; பச்சையின் மிகுதியில் நம் கண்ணுக்குப் படவில்லை, அவ்வளவுதான்.

சிவப்பின் கதையே வேறு. ஆந்தோசயனின் என்கிற அந்தச் சிவப்பு நிறமி கோடை இலையில் பெரும்பாலும் இருக்காது. கடையைக் கட்டுகிற நேரத்தில், இருக்கிற சர்க்கரையைச் செலவழித்து, மரம் அதைப் புதிதாகச் செய்கிறது. போகப்போகிற இலைக்கு எதற்கு இவ்வளவு செலவு? இதற்கு இரண்டு விளக்கங்கள் சொல்கிறார்கள். ஒன்று, அது ஒரு திரை: நைட்ரஜனை வெளியேற்றும் வரை, பலவீனமான இலையை வெயில் சுட்டுவிடாமல் காக்கிறது. இன்னொன்று, 2001-இல் உயிரியலாளர்கள் டபிள்யூ. டி. ஹாமில்டனும் சாம் பிரவுனும் முன்வைத்தது: அசுவினிப் பூச்சிகள் முட்டையிட மரம் தேடும் பருவத்தில், ‘இங்கே தற்காப்பு பலமாக இருக்கிறது, வேறிடம் பார்’ என்று அந்த நிறம் சொல்கிறது என்பது அவர்கள் எண்ணம். எனக்கு முதல் விளக்கம்தான் அதிகம் பிடிக்கிறது, அதற்கான தடயத்தை யாரும் கையில் எடுத்துப் பார்க்கலாம் என்பதால். சிவந்த இலைகள் நிறைந்த ஒரு கிளையில், ஒன்றன்மேல் ஒன்று படிந்திருந்த இரண்டு இலைகளைப் பிரித்துப் பாருங்கள். வெயில் பட்ட இடமெல்லாம் சிவப்பாக இருக்கும். மேல் இலையின் நிழல் விழுந்த இடம், அதன் வடிவம் மாறாமல், மஞ்சளாக இருக்கும். ஓர் இலை மீது இன்னோர் இலையின் படம்! வெயிலும் குளிர்ந்த இரவுகளும் சேர்ந்து வரும் ஆண்டில் ஊர் முழுக்கச் செக்கச் சிவந்து நிற்பதும், மேகமூட்டமான ஆண்டில் மஞ்சளோடு நின்றுபோவதும் இதே காரணத்தால்தான்.

இனி உதிர்வுக்கு வருவோம். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது.

இலைக்காம்பு கிளையோடு சேரும் இடத்தில், சில வரிசை சின்னச் சின்னச் செல்களாலான ஒரு மெல்லிய பட்டை இருக்கிறது. இதை உதிர் அடுக்கு என்கிறார்கள். ஆரோக்கியமான இலை, ஆக்சின் என்ற ஹார்மோனை ஓயாமல் காம்பு வழியாகக் கீழே அனுப்பிக்கொண்டே இருக்கும். ‘நான் இருக்கிறேன், வேலை செய்கிறேன்’ என்கிற சேதி அது. சேதி வரும் வரை அந்த அடுக்கு சும்மா இருக்கும். இலையின் அகன்ற பகுதியை மட்டும் வெட்டிவிட்டுக் காம்பை விட்டுவைத்தால், சில நாட்களில் காம்பு தானாக விழுந்துவிடும். வெட்டிய முனையில் ஆக்சினைத் தடவி வைத்தால் காம்பு விழாமல் நிற்கும். இலையே இல்லை, சேதி மட்டும் இருக்கிறது, மரம் நம்பிவிடுகிறது.

இலையுதிர்காலத்தில் அந்தச் சேதி நலிந்துபோகிறது. அப்போது எத்திலின் என்ற வாயு முன்னால் வருகிறது. அதன் தூண்டுதலால் உதிர் அடுக்கின் செல்கள் நொதிகளைச் சுரந்து, செல்லையும் செல்லையும் ஒட்டிவைத்திருக்கும் பெக்டின் பசையைக் கரைக்கின்றன. அதே நேரத்தில் கிளைப் பக்கம் தக்கை போன்ற ஒரு படலம் வளர்ந்து காயத்தை முன்கூட்டியே மூடிவிடுகிறது. இலை பிரிவதற்கு முன்பே மருந்து கட்டியாகிவிட்டது. கடைசியில் இலையைத் தாங்குவது நீர்க்குழாய்களின் சில நார்கள் மட்டும். ஒரு சின்னக் காற்று போதும். உறைபனி இறங்கிய இரவுக்கு மறுநாள் காலையில் காற்றுகூட வேண்டாம்: அந்த அடுக்கில் உறைந்த நீர் மிச்ச நார்களையும் அறுத்துவிட்டிருக்கும், வெயில் ஏறிப் பனி உருக உருக, அசையாத மரத்திலிருந்து இலைகள் பொலபொலவென்று கொட்டும். ஜின்கோ மரம் இப்படி ஒரே நாளில் மொத்த இலையையும் இறக்கிவிடும். வாசலைப் பெருக்கி முடித்துத் திரும்பினால், பெருக்கிய சுவடே இருக்காது.

உதிர்ப்பது மரத்தின் வேலைதான் என்பதற்கு எளிய சான்று ஒன்றைச் சொல்கிறேன். கோடைப் புயலில் முறிந்து, மரத்திலேயே சிக்கிக்கொண்டு தொங்கும் கிளையைத் தேடிப் பாருங்கள். அதன் இலைகள் காய்ந்து சருகாகிவிட்டிருக்கும், ஆனால் விழுந்திருக்காது. குளிர்காலம் முழுக்க மொடமொடவென்று அதிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். உயிரோடிருக்கும் கிளையால்தான் இலையைக் கழற்ற முடியும். செத்த கிளைக்கு அந்தத் திராணி இல்லை. ஓக், பீச் போன்ற சில மரங்கள் உயிரோடிருந்தும் சருகை அடுத்த வசந்தம் வரை பிடித்துக்கொண்டிருப்பது உண்டு; அவற்றில் உதிர் அடுக்கு வேலையை முடிக்க அவ்வளவு காலம் எடுத்துக்கொள்கிறது.

இலை விழுந்த இடத்தில் கிளையில் ஒரு தழும்பு இருக்கும். ஹார்ஸ் செஸ்ட்நட் மரத்தில் அது அச்சு அசலாகக் குதிரை லாடம் மாதிரி இருக்கும். மூடப்பட்ட குழாய்களின் புள்ளிகள் லாடத்தின் ஆணிகளைப் போல வரிசையாகத் தெரியும். தழும்புக்கு நேர் மேலே அடுத்த ஆண்டின் மொட்டு உட்கார்ந்திருக்கும். அது இலை விழுந்த பிறகு வந்ததல்ல. கோடையிலேயே உருவாகி, காம்பின் மறைவில் காத்திருந்தது.

தெருவிளக்குக்கும் இலைக்கும் உள்ள உறவு மின்சாரத்துக்கு முந்தையது என்பது பலருக்குப் புதுச் செய்தியாக இருக்கலாம். 19-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பிய நகரத் தெருக்களில் வாயு விளக்குகள் எரிந்தன. நிலத்தடிக் குழாயில் வாயு கசிந்த தெருக்களில் மரங்கள் பருவத்துக்கு முன்பே இலையைக் கொட்டின. காரணம் அப்போது பிடிபடவில்லை. 1901-இல் ரஷ்யாவின் செயிண்ட் பீட்டர்ஸ்பர்க்கில் திமித்ரி நெல்யூபோவ், ஆய்வகத்தில் வளர்த்த பட்டாணி நாற்றுகள் நிமிராமல் பக்கவாட்டில் வளர்வதைக் கவனித்து, விளக்கு வாயுவில் இருக்கும் எத்திலின்தான் அதற்குக் காரணம் என்று கண்டுபிடித்தார். செடிகள் தாமாகவே எத்திலினை உண்டாக்குகின்றன என்பதை 1934-இல் ரிச்சர்ட் கேன் பழுக்கும் ஆப்பிள்களை வைத்து உறுதிப்படுத்தினார். அதாவது, மரம் தனக்குள் ரகசியமாகச் சொல்லிக்கொள்ளும் சொல்லை, கசிந்த குழாய் தெரு முழுக்க உரக்கச் சொல்லியிருக்கிறது.

மின்விளக்கு வந்ததும் கதை தலைகீழானது. 1936-இல் எட்வின் மாட்ஸ்கே என்ற தாவரவியலாளர், நியூயார்க் தெருக்களில் விளக்கை ஒட்டிய கிளைகள் மற்றவற்றைவிட அதிக நாள் இலையோடு நிற்பதைப் பதிவு செய்தார். வாயு விளக்கு இலையைச் சீக்கிரம் இறக்கியது. மின்விளக்கு பிடித்து வைத்துக்கொண்டது. இரவெல்லாம் விளக்கு எரிந்தால் பைட்டோகுரோம் பழைய வடிவத்துக்குத் திரும்ப நேரமே கிடைக்காது. அந்தக் கிளைக்கு இன்னும் கோடைதான். அக்கம்பக்கத்துக் கிளைகள் சரக்கையெல்லாம் இறக்கிக் கதவைச் சாத்திய பிறகும், இது விளக்கடியில் கடையைத் திறந்து வைத்திருக்கிறது. கடும் உறைபனி திடீரென்று வந்தால் நைட்ரஜனைத் திரும்ப எடுக்காமலே இலை செத்துவிடும். உதிர் அடுக்கு வேலையை முடிக்காததால், கருகிய இலை விழவும் முடியாமல் தொங்கும். இரவில் கொஞ்ச நேரமாவது விளக்கை மங்கலாக்கினால் மனிதருக்கு நட்சத்திரம் தெரியும், மரத்துக்குத் தேதி தெரியும். இதைச் செய்யத்தான் வேண்டும் என்று நினைக்கிறேன்.

விழும் இலை நேராக விழுவதில்லை, கவனித்திருப்பீர்கள். அகன்ற இலை தொட்டில் மாதிரி இப்படியும் அப்படியும் ஆடிக்கொண்டு இறங்கும். ஒடுங்கிய இலை புரண்டு புரண்டு ஒரு பக்கமாகச் சறுக்கிப் போகும். மின்காந்தவியலுக்கு இலக்கணம் வகுத்த ஜேம்ஸ் கிளார்க் மேக்ஸ்வெல்லே, 1854-இல், காகிதத் துண்டு காற்றில் ஏன் இப்படிப் புரண்டுகொண்டே விழுகிறது என்று எழுதியிருக்கிறார். பூங்கா பெஞ்சில் உட்கார்ந்து இலைகளைப் பார்த்துக்கொண்டிருப்பது வெட்டிப் பொழுது என்று யாராவது சொன்னால் அவர் பெயரைச் சொல்லலாம்.

தமிழில் இலைக்கு வயதுக்கொரு பெயர் இருக்கிறது: கொழுந்து, தளிர், இலை, பழுப்பு, சருகு. சருகுக்குப் பிறகு நடப்பதைப் பார்க்க இரவில்தான் போக வேண்டும். மழை பெய்து ஓய்ந்த இரவு, ஈர மண், ஒரு டார்ச். வெளிச்சத்தைச் சிவப்புத் தாளால் மூடிக்கொள்ளுங்கள், மண்புழுக்கள் சிவப்பு ஒளியை அவ்வளவாக உணர்வதில்லை. சார்லஸ் டார்வின் தன் கடைசி ஆண்டுகளில், 1881 வாக்கில், இதை உட்கார்ந்து எண்ணியிருக்கிறார். புழுவளைகளிலிருந்து அவர் எடுத்த 227 சருகுகளில் 181, நுனி முதலில் போகும்படி உள்ளே இழுக்கப்பட்டிருந்தன. காம்புப் பக்கம் இழுத்தால் அகன்ற இலை வாசலில் சிக்கிக்கொள்ளும். நுனிப் பக்கம் இழுத்தால் சுருண்டு வழுக்கிப் போகும். புழு அங்கே இங்கே தடவிப் பார்த்து, நுனியைப் பிடிக்கிறது. ஓர் இழுப்பு, கொஞ்சம் ஓய்வு, இன்னோர் இழுப்பு. அமைதியான தெருவாக இருந்தால், ஈர மண்ணில் சருகு உரசும் அந்தச் சன்னமான சத்தம் கேட்கும்.