ரகர் சீசனில் தராசை மட்டும் நம்ப வேண்டாம்

சீசன் தொடங்கும்போது 82 கிலோ, முடியும்போதும் 82 கிலோ. அப்படியென்றால் உடம்பில் ஒன்றும் மாறவில்லை என்று பொடியன்கள் நினைக்கிறார்கள், சில கோச்மாரும் அப்படித்தான். கண்டி, ஹட்டன் பக்கத்து ரகர் (ரக்பி) வீரர்களைப் பார்க்கும் பிசியோதெரபிஸ்ட் என்ற முறையில் நான் முதலில் எடுப்பது அளவு நாடாவைத்தான். தொடைச் சுற்றளவு குறைந்து இடுப்பு கூடியிருந்தால், போன தசையின் இடத்தில் கொழுப்பு வந்து உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம். நிறை மாறாததற்குக் காரணம் அதுதான்.

சீசனுக்கு முன் வாரத்தில் மூன்று நான்கு நாள் ஜிம் போன பையன், மட்ச் தொடங்கியதும் அந்தப் பக்கமே போவதில்லை. மட்ச் முடிந்து இரண்டு நாள் உடம்பு வலி, அடுத்த மட்சுக்கு முதல் நாள் ஓய்வு, வேறு எங்கே நேரம்? எதிராளியைப் பிடித்து வீழ்த்தும் டேக்கிளிலும், இரண்டு அணியும் தோள் கோத்து முட்டித் தள்ளும் ஸ்க்ரம்மிலும் அடிபட்ட தசையிலிருந்து கிரியாட்டின் கைனேஸ் என்ற நொதி இரத்தத்தில் கசியும். அது இறங்கவே பெரும்பாலும் இரண்டு மூன்று நாள் ஆகும். இதற்கிடையில் முழங்காலில் அடிபட்டு இரண்டு வாரம் உட்கார்ந்தால், அந்தக் காலின் தொடை கண்ணுக்குத் தெரியவே மெலிந்துவிடும். முழங்கால் சில்லுக்கு மேலே 15 சென்டிமீட்டரில் இரண்டு காலையும் அளந்து பாருங்கள். வலி போய்விட்டது என்பதற்காக உடனே மட்சில் இறக்கிவிட வேண்டாம்.

அப்புறம் சாப்பாடு. காலையில் பானும் சம்பலும், பயிற்சி முடிந்து பிளேன்டீயும் பணிஸும் என்றால் தசைக்கு என்ன கிடைக்கும்? 70 கிலோ வீரருக்கு நாளுக்குச் சுமார் 110 கிராம் புரதம் வேண்டும், ஒரு முட்டையில் இருப்பதோ ஆறு கிராம்தான். கடலை, பருப்பு, நெத்தலி, டின்மீன், சோயா எல்லாம் சேர்ந்தால்தான் கணக்கு கிட்ட வரும். புரத மா டின்னுக்குக் கொட்டும் காசில் வீட்டுக்கே மீன் வாங்கலாம், ஆனால் அதைச் சொன்னால் யாரும் கேட்பதில்லை.

தராசு உதவும் இடமும் ஒன்று இருக்கிறது. 1,800 மீட்டருக்கு மேலே நுவரெலியாக் குளிரில் வளர்ந்த பையன் கொழும்புப் புழுக்கத்தில் விளையாடப் போனால் வியர்வை கொட்டும். அந்தச் சூட்டுக்கு உடம்பு பழக ஒன்றிரண்டு வாரம் வேண்டும், பஸ்ஸில் போய் இறங்கியவுடன் பழகாது. மட்சுக்கு முன்னும் பின்னும் நிறுத்துப் பார்த்து, குறைந்த ஒவ்வொரு கிலோவுக்கும் ஒன்றரை லீற்றர் அளவில் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வேண்டும். உப்புள்ள சாப்பாடும் கூடவே போகட்டும்.

விளையாட்டில் அடிபட்டுக் காது வீங்கினால் அதைப் பதக்கம் மாதிரிக் காட்டித் திரியாமல் ஓரிரு நாளுக்குள் டாக்டரிடம் போங்கள். உள்ளே தேங்கிய இரத்தத்தை எடுக்காவிட்டால் காது அப்படியே கட்டிப்பட்டுவிடும்.

தசையைக் காப்பாற்ற சீசனிலும் வாரம் இரண்டு தடவை, அரை மணித்தியாலம் பாரம் தூக்கினால் போதும். கால் களைத்துவிடும் என்று கோச்மார் தயங்குவார்கள். சனிக்கிழமை மட்ச் என்றால் திங்கள், புதன் வைத்துக்கொள்ளுங்கள். திங்களன்று வலி இருந்தால் மேல் உடம்புக்கு மட்டும் செய்துவிட்டு, பாரத்தோடு குந்தி எழும் ஸ்குவாட்டைப் புதனுக்குத் தள்ளுங்கள்.