தொப்புளுக்குள் ஒரு பஞ்சு மில்

காலையில் வெள்ளைப் பனியனைப் போட்டுக்கொண்டு கிளம்புகிறோம். ராத்திரி குளிக்கப் போகும்போது தொப்புளில் விரலை விட்டால் ஒரு பஞ்சு உருண்டை வருகிறது. யார் வைத்தது?

கட்டிலுக்கடியில் உருளும் பஞ்சுக் குட்டிகளில் ஒன்று ராத்திரியில் மேலே ஏறி வந்து குடியேறுகிறது என்றுதான் வெகுநாளாக நினைத்திருந்தேன். அந்தக் குட்டிகளின் பிறப்பு ரகசியம் சுலபம். உதிர்ந்த தலைமுடி சட்டம் மாதிரி நிற்கும், துணி இழையும் தோல் செதிலும் அதில் சிக்கும், ஃபேன் காற்று மூலைக்குத் தள்ளிவிடும். தொப்புளுக்குள் ஏது ஃபேன்?

ஆஸ்திரேலியாவில் கார்ல் குருசெல்னிக்கி என்ற அறிவியல் எழுத்தாளர் இதற்காக ஒரு பெரிய கருத்துக்கணிப்பே நடத்தி, 2002-இல் இக் நோபல் பரிசு வாங்கினார். சிரிக்க வைத்துவிட்டு யோசிக்க வைக்கும் ஆராய்ச்சிக்குத் தரும் பரிசு அது. நடுத்தர வயது, முடி நிறைந்த உடம்பு, லேசான தொந்தி உள்ள ஆண்களிடம்தான் விளைச்சல் அதிகமாம். கண்ணாடி முன்னால் நின்று பார்த்தேன், மூன்றும் பொருந்துகிறது.

ஆக, குற்றவாளி முடிதான். தலைமுடி ஒன்றைப் பிடுங்கி, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து, நீளவாக்கில் முன்னும் பின்னுமாகத் தேயுங்கள். இரண்டு பக்கமும் சமமாகத்தான் தேய்க்கிறீர்கள். ஆனால் முடி ஒரே பக்கமாக நகரும், வேர் இருந்த பக்கமாக. முடியின் மேலே ஓட்டு வீட்டுக் கூரை மாதிரி செதில்கள் நுனியைப் பார்த்து அடுக்கியிருக்கின்றன. ஒரு பக்கம் வழுக்கும், மறுபக்கம் பிடிக்கும். கம்பளிச் சட்டையை வெந்நீரில் அலசித் தேய்த்தால் குழந்தைச் சட்டையாகிவிடுவதும் இதே செதில்களின் வேலைதான்.

வயிற்று முடி வேரோடு நிற்கிறது, நகர முடியாது. எனவே நகர்வது பனியன் இழை. செதில் அதைச் சுரண்டி எடுக்கும். மூச்சு விட, நடக்க, குனிய, இழை நுனிப் பக்கமாகத் தள்ளப்படும். நுனிகள் பெரும்பாலும் தொப்புளை நோக்கியே சாய்ந்திருக்கின்றன. அங்கே போய் உருண்டு திரண்டு உருண்டையாகிறது. வெற்றுடம்போடு திண்ணையில் உட்கார்ந்திருந்த தாத்தாவுக்கு இந்தத் தொழில் நடந்திருக்க வழியில்லை, கச்சாப்பொருள் கிடையாதே.

வியன்னா தொழில்நுட்பப் பல்கலைக்கழக வேதியியலாளர் கேயார்க் ஷ்டைன்ஹவுசர் தன் தொப்புளிலிருந்தே 503 உருண்டைகள் சேகரித்து எடை போட்டார். சராசரி 1.82 மில்லிகிராம். புதுச்சட்டைக்கு அதிகம், பழசுக்குக் குறைவு. வயிற்று முடியை மழித்துப் பார்த்தார், பஞ்சு நின்றுபோனது. முடி முளைத்தது, மில் மறுபடி ஓடியது. 2009-இல் வெளியானது அந்தக் கட்டுரை.

சுத்தப் பருத்திச் சட்டை போட்ட நாளிலும் உருண்டையில் பருத்தி மட்டும் இல்லை. தூசு, தோல் செதில், வியர்வை, கொழுப்பு எல்லாம் இருந்தன. அழுக்கை இழுத்துக்கொண்டு பஞ்சு வெளியே வருவதால், பஞ்சு விளையும் தொப்புள் சுத்தமாக இருக்கலாம் என்பது அவருடைய ஊகம். இதை வீட்டில் பெருமையாகச் சொன்னேன். கட்டிலுக்கடியைப் பெருக்கச் சொல்லித் துடைப்பம்தான் கைக்கு வந்தது.