கடலுக்குள்ள உடையிற அலை

முல்லைத்தீவுக் கரையில நிண்டு பார்த்தா மேல அடிக்கிற அலைதான் தெரியும், ஆனா கடலில ஓடுற பெரிய அலையள் உள்ளுக்கதான் இருக்கு. வங்காள விரிகுடாவில கங்கை, பிரம்மபுத்திரா கொண்டுவாற ஆத்துத்தண்ணியும் மழையும் உப்புக் குறைஞ்ச படையா மேல நிக்கும், கீழ குளிரான, அடர்த்தி கூடின தண்ணி. இந்த ரெண்டுக்கும் இடையில எழும்புறது தான் உள்ளலை. அடர்த்தி வித்தியாசம் ஆயிரத்தில ஒருசில பங்குதான், அதால எழும்பின தண்ணியைத் திருப்பி இழுக்கிற விசையும் சின்னன், அலை ஆறுதலா பத்துக்கணக்கான மீட்டர் எழும்பும், மேல பெரிசா ஒண்டும் தெரியாது.

அந்தமான், நிக்கோபார் பக்கம் கடலடி மேடுகளுக்கு மேலால வத்துப்பெருக்கு ஓடேக்க இதுகள் பிறக்குது. அந்தமான் கடலில எண்ணெய் துளைக்கிற கப்பல் ஒண்டில இருந்து அளந்ததை வச்சு ஒஸ்போர்ண், பேர்ச் எண்ட ரெண்டு ஆராய்ச்சியாளர் 1980இல எழுதின கட்டுரையில 60 மீட்டர் வரையான அலை இருக்கு. அப்ப இவ்வளவு சக்தியும் எங்க போகுது?

கரைக்கு வந்து உடையிறது ஒரு வழி. எனக்குப் பிடிச்சது மற்ற வழி. ஊஞ்சலில நிண்டு ஆடுற பெடியனைப் பாருங்கோ, ஊஞ்சல் ஒருக்காப் போய் வாறதுக்குள்ள ரெண்டுதரம் குந்தி எழும்புவான், அதாலயே வீச்சு ஏறும். உள்ளலையும் அப்பிடித்தான், வத்துப்பெருக்கோட சேர்ந்து 12 மணி 25 நிமிசத்துக்கு ஒருக்கா வாற பெரிய அலை, தன்ர பாதி மீடிறன் (குறிச்ச நேரத்துக்குள்ள எத்தினை தரம் ஆடுது எண்ட கணக்கு) உள்ள ரெண்டு சின்ன அலையளைத் தள்ளித்தள்ளி வளர்த்துவிடும், தான் மெலியும். ஆனா பூமி சுத்திறதால உள்ளலையின்ர மீடிறனுக்கு ஒரு கீழெல்லை இருக்கு, துருவப்பக்கம் போகப்போக அது கூடும், 28.8 பாகை அகலாங்குக்கு அங்கால இந்தப் பாதி மீடிறன் அலையால ஓட ஏலாது. முல்லைத்தீவு கிட்டத்தட்ட 9.3 பாகை, அதால இஞ்ச அந்தத் தடை இல்லை.

பிறந்த அலையளின்ர அலைநீளம் சின்னன், அதால மேல்படையும் கீழ்படையும் ஒண்டையொண்டு உரசிற வேகம் கூடும். வீட்டில பார்க்க விருப்பமெண்டா, ஒரு போத்தலுக்குள்ள நீலம் கலந்த உப்புத்தண்ணியை அரைவாசி விட்டு, மேல நல்லதண்ணியைக் கரண்டியால மெல்ல வழியவிட்டு மூடிப் படுக்கவச்சு ஒரு பக்கம் சரிச்சுப் பாருங்கோ, எல்லைக்கோடு சுருண்டு சுருண்டு வரும். கடலிலயும் அந்த உரசல் அடர்த்திப்படையின்ர உறுதியை மிஞ்சினாத்தான் சுருளும், கணக்கில ரிச்சட்சன் எண் எண்டு சொல்லுற, உறுதிக்கும் உரசலுக்கும் உள்ள விகிதம் 1/4க்குக் கீழ இறங்கவேணும். சுருள் உடைஞ்சு சென்ரிமீட்டர் அளவுச் சுழியளாகி, கடைசியில பெரும்பங்கு சக்தி வெப்பமாப் போகும், மிச்சக் கொஞ்சம் கீழ் குளிர்தண்ணியையும் அதோட கிடக்கிற ஊட்டச்சத்தையும் மேல கலந்துவிடும்.