மலைப்பாதை வண்டியின் புகை சொல்வது என்ன?

குளிர்காலக் காலையில் உதகையில் ஒரு சிறிய நாற்சக்கர மலைப்பாதை வண்டியை (ATV) கிளப்பினால் சைலன்சரிலிருந்து வெண்புகை எழுவது இயல்பு. பெட்ரோலில் உள்ள ஹைட்ரஜன் எரியும்போது நீராக மாறுகிறது; ஒரு கிலோ பெட்ரோல் முழுமையாக எரிந்தால் ஏறத்தாழ 1.4 கிலோ நீர் உண்டாகும். அந்த நீராவி குளிர்ந்து நுண்துளிகளாவதே நாம் காணும் வெண்மை. இஞ்சின் நன்றாகச் சூடேறிய பின்னும் அது அடர்த்தியாகத் தொடர்ந்து, ரேடியேட்டரிலும் நீர் குறைந்துகொண்டே வந்தால், சிலிண்டருக்கும் அதன் மேல்மூடிக்கும் இடையே அடைப்பாக இருக்கும் ஹெட் கேஸ்கெட் வழியாக நீர் சிலிண்டருக்குள் கசிகிறது என்று ஐயப்பட வேண்டும். காற்றால் குளிரும் இஞ்சினில் ரேடியேட்டரே இல்லையாதலால் அங்கே இந்த ஐயத்துக்கு இடமில்லை.

கரும்புகை என்பது எரியாமல் எஞ்சிய கரி. பெட்ரோல் சரியாக எரிவதற்கு எடையளவில் அதைப்போல் 14.7 மடங்கு காற்று வேண்டும். கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் உள்ள உதகையில் காற்றின் அடர்த்தி கடற்கரையில் இருப்பதில் ஏறக்குறைய 80 விழுக்காடுதான். பெட்ரோலைக் காற்றுடன் கலந்து தரும் கார்புரேட்டர் இதை முழுவதும் ஈடுசெய்வதில்லை. ஆகவே சமவெளிக்கெனப் பொருத்திய ஜெட்டுடன் (கார்புரேட்டரில் பெட்ரோலின் அளவைக் கட்டுப்படுத்தும் துளைத் திருகு) மேட்டுப்பாளையத்தில் சீராக ஓடிய இஞ்சின், உதகையில் தேவைக்கு மேல் பெட்ரோலைக் குடித்துக் கரியைக் கக்கக்கூடும். அடைபட்ட ஏர் ஃபில்டரும் குளிர்ந்த இஞ்சினைக் கிளப்பக் காற்றைக் குறைக்கும் சோக் முழுவதும் திறக்காமல் இருப்பதும் இதே விளைவைத் தரும் என்பதால் முதலில் அவற்றைப் பார்த்துவிட்டு, பிறகே சிறிய ஜெட்டை மாற்றுவது முறை. வண்டி மீண்டும் சமவெளிக்கு இறங்கும்போது பழைய ஜெட்டையே பொருத்த வேண்டும். இல்லையேல் பெட்ரோல் போதாமல் இஞ்சின் அளவுக்கு மீறிச் சூடாகும்.

கூர்ந்து ஆராய வேண்டியது நீலப்புகைதான். எரியறைக்குள் புகுந்த இஞ்சின் எண்ணெய் மிக நுண்ணிய துளிகளாக வெளியேறும்போது, அத்துளிகள் நீல ஒளியை மற்ற நிறங்களைவிட அதிகமாகச் சிதறடிக்கின்றன. 1860களில் இயற்பியலாளர் ஜான் டிண்டால் ஆராய்ந்த ஒளிச்சிதறல் இதுவே. எண்ணெய் எவ்வழியே நுழைந்தது என்பதை நிறம் சொல்லாது, புகை எழும் நேரமே சொல்லும். இரவெல்லாம் நின்ற வண்டி காலையில் கிளம்பியவுடன் சிறிது புகைந்து அடங்கினால், வால்வுத் தண்டைச் சுற்றி எண்ணெயைத் தடுக்கும் வால்வு சீல் தேய்ந்து, அதன் வழியாக எண்ணெய் வடிந்திருக்கும். தேயிலைத் தோட்டத்தின் செங்குத்தான மண்பாதையில் தாழ்ந்த கியரில், ஆக்சிலரேட்டரை விட்டு நெடுந்தூரம் இறங்கும்போது உறிஞ்சு குழாயில் அழுத்தம் மிகவும் குறைகிறது. அந்த இழுப்பு, வால்வுத் தண்டு நகரும் உறையான வால்வு கைடின் இடுக்கிலிருந்து எண்ணெயை உள்ளே வாங்க, இறக்கம் முடிந்து ஆக்சிலரேட்டரைத் திறந்தவுடன் நீலப்புகை குபீரென்று எழும். மேட்டில் பாரத்துடன் ஏறும்போது இடைவிடாமல் புகைந்தால் பிஸ்டனைச் சுற்றி அடைக்கும் வளையமான பிஸ்டன் ரிங்கும் சிலிண்டர் சுவரும் தேய்ந்திருக்க வாய்ப்பு அதிகம்.

இஞ்சினைப் பிரிக்குமுன், வண்டி அண்மையில் சாய்ந்ததா என்று கேட்டறிவது மிக அவசியம். கவிழ்ந்தாலோ கடும் சரிவில் வெகுநேரம் நின்றாலோ, எண்ணெய், இஞ்சினுள் சேரும் வாயுவை வெளியேற்றும் பிரீதர் குழாய் வழியே ஏர் ஃபில்டர் பெட்டிக்குள் போய்விடும். பழுதே இல்லாத இஞ்சினும் அதை எரித்துத் தீர்க்கும்வரை புகையும். கவிழ்ந்த வண்டியை நிமிர்த்தியவுடன் கிளப்பக் கூடாது: எண்ணெய் சிலிண்டரை நிறைத்திருந்தால் பிஸ்டனால் அதை அமுக்க முடியாமல் பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, இஞ்சினை மெல்லச் சுழற்றி எண்ணெயை வெளியேற்றிய பின்பே கிளப்ப வேண்டும். சரிவில் நிறுத்தி எண்ணெய் அளவைப் பார்ப்பவர்கள் அறியாமலே மிகுதியாக ஊற்றிவிடுவதும் உண்டு. அதுவும் நீலப்புகையில்தான் முடியும்.

இவை எதுவும் இல்லையென்றால் சிலிண்டருக்குள் எழும் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரஷன் அளவியைப் பொருத்திப் பார்க்கலாம். அழுத்தம் குறைவாக இருந்து, பிளக் துளையில் ஒரு கரண்டி எண்ணெய் விட்ட பின் உயர்ந்தால் கசிவு ரிங்கில். உயராவிட்டால் அது பெரும்பாலும் வால்விலோ ஹெட் கேஸ்கெட்டிலோ இருக்கும். வால்வு சீல் மட்டும் தேய்ந்த இஞ்சினில் அளவி குறை எதையும் காட்டாது. அங்கே இறக்கத்தின் முடிவில் எழும் புகையே நம்பத்தக்க சான்று.