அந்தக் கிளாஸ் மேசையில் என்ன செய்கிறது?

இந்த ஆண்டில் மூன்றாவது முறையாக 'தேவதாசி' என்று ஒரு கிளாஸ், அதாவது ரோல்பிளேயிங் கேமில் ஆடுபவர் எடுத்துக்கொள்ளும் பாத்திர வகை, என்னிடம் வந்திருக்கிறது. முதல் இரண்டும் வெளிநாட்டு வடிவமைப்பாளர்கள் எழுதியவை. நீளமாகக் குறிப்பு எழுதி அனுப்பினேன். ஒருவர் மாற்றினார், இன்னொருவர் பதிலே போடவில்லை. மூன்றாவதை எழுதியவர் நம் ஊர்ப் பையன். அதனால்தான் பொறுக்க முடியாமல் இதை எழுத உட்கார்ந்தேன்.

டேபிள்டாப் ரோல்பிளேயிங் கேம் புத்தகங்கள் அச்சுக்குப் போவதற்கு முன் அவற்றின் விதிகளையும் பண்பாட்டுச் சித்திரிப்பையும் சேர்த்து வாசித்துத் திருத்தக் குறிப்பு எழுதுவது என் தொழில். புதியவர்களுக்கு ஒரு வரி: மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஒவ்வொருவரும் ஒரு பாத்திரமாகப் பேசி ஆடுவார்கள், பாத்திரத்தின் விவரம் கேரக்டர் ஷீட்டில் இருக்கும், ஆட ஆட லெவல் ஏறும், செய்வது பலிக்குமா என்பதை டைஸ் (பகடை) முடிவு செய்யும்.

வந்த பிரதியில் அந்தக் கிளாஸின் முதல் லெவல் திறனுக்கு 'மயக்கும் அபிநயம்' என்று பெயர். எதிரில் இருப்பவர் சேவிங் த்ரோவில், அதாவது தப்பிக்க உருட்டும் டைஸில், தோற்றால் ஒரு மணி நேரம் அவள் சொன்னபடி கேட்பார். மூன்றாம் லெவலில் அதையே இரண்டு பேர் மேல் பிரயோகிக்கலாம். ஆறாம் லெவலில் காவலர்களிடமிருந்து ரகசியம் கறக்கலாம். பத்தாம் லெவலில் அரசனையே கைக்குள் போட்டுக்கொள்ளலாம். ஓவியமும் வரைந்து முடித்துவிட்டார்கள். அது எப்படி இருந்தது என்று எழுத எனக்கு மனமில்லை.

போன் செய்தேன். "அக்கா, நான் ரொம்ப மரியாதையாத்தான் எழுதியிருக்கேன். கடைசியில நாலு பக்கம் அருஞ்சொற்பொருள் போட்டிருக்கேன் பாருங்க. அடவு, பதம், பொட்டுக்கட்டு, எல்லாமே சரியா இருக்கு" என்றார். சரியாகத்தான் இருந்தது. நான்கு பக்கத்திலும் ஒரு பிழை இல்லை. அந்த உழைப்பைப் பார்த்தபோது எனக்குக் கோபத்தைவிட வருத்தம்தான் அதிகமாக வந்தது.

சொற்கள் சரியாக இருந்தால் சித்திரிப்பும் சரியாகிவிடும் என்று ஏன் இத்தனை பேர் நினைக்கிறார்கள்? கொஞ்சம் பொறுமையாகக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு குழு வாரம் ஒருமுறை கூடி ஒரு வருடம் ஆடுகிறது. அந்தக் கிளாஸை எடுத்தவர் உங்கள் வரலாற்றுக் குறிப்பை கேரக்டர் உருவாக்கும் நாளில் ஒரே ஒரு முறை படிப்பார். மற்ற நான்கு பேர் அதைப் படிக்கவே மாட்டார்கள். அருஞ்சொற்பொருளை யார் புரட்டப் போகிறார்கள்? ஆனால் முதல் லெவல் திறனை ஒவ்வொரு வாரமும் மூன்று முறையாவது பயன்படுத்துவார்கள். ஆண்டு முடிவதற்குள் நூற்றைம்பது முறை "நான் அவனை மயக்குகிறேன்" என்று ஒருவர் சொல்லி டைஸ் உருட்டியிருப்பார். தேவதாசி என்றால் யார் என்று அந்த மேசையில் இருந்த ஐந்து பேரிடமும் பிறகு கேளுங்கள். அந்த நூற்றைம்பது உருட்டல்தான் பதிலாக வரும். கேம் புத்தகத்தில் விதிதான் பேசும். முன்னுரை, ஓரக்குறிப்பு, உச்சரிப்புப் பட்டியல் எல்லாம் விதி போட்ட சத்தத்தில் யார் காதிலும் விழாது.

"ஆனால் பலமான கிளாஸ்தானே, உயர்த்தித்தானே காட்டியிருக்கிறேன்" என்று அடுத்துச் சொல்வார்கள். பலம் கூடினால் அதே பொய் இன்னும் பலமாகச் சொல்லப்படுகிறது. அவ்வளவுதான்.

இந்தக் குழப்பத்துக்குத் துறையிலேயே பழைய வேர் உண்டு. 1974இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் வெளியிட்ட டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற ரோல்பிளேயிங் கேமின் முதல் பதிப்பில் மூன்றே கிளாஸ்கள்தான். சண்டைக்காரன், மந்திரக்காரன், குருமார். மூன்றும் வேலையின் பெயர்கள். 1985இல் அதே கேமுக்கு ஓரியண்டல் அட்வெஞ்சர்ஸ் என்ற துணைநூல் வந்தபோது சாமுராய், நிஞ்ஜா, யாகுசா என்று கிளாஸ் பட்டியல் போனது. ஐரோப்பியக் கவசம் போட்டவன் வெறும் 'ஃபைட்டர்'. அவன் வில்லெடுக்கலாம், வாளெடுக்கலாம், எந்த ஊர்க்காரனாகவும் இருக்கலாம். ஜப்பானியன் வாளெடுத்தால் மட்டும் அவனுக்குத் தனி கிளாஸ், அதோடு மானத்துக்கு என்று தனியாக ஒரு எண்ணிக்கை. பிரதான விதிநூலில் ஐரோப்பிய வீரனின் மானத்தை யாரும் எண்ணவில்லை. ஒருவன் மனிதனாகவும் இன்னொருவன் தன் ஊரின் பொம்மையாகவும் ஆவதற்கு இவ்வளவு போதும். எழுதியவர்களுக்கு அந்தப் பண்பாட்டின் மேல் உண்மையான ஆசை இருந்தது என்றே நான் நம்புகிறேன். ஆசை இருந்தும் அப்படித்தான் முடிந்தது.

அதே கேமில் பார்பேரியன் என்ற கிளாஸை எடுத்துக்கொள்ளுங்கள். பேச்சு புரியாத அயலாரைக் கிரேக்கர் ஏளனமாக அழைத்த சொல்லிலிருந்து வந்த பெயர். 1985இல் வந்த விதியில் மந்திரப் பொருளை உடைத்தால் அவனுக்கு அனுபவப் புள்ளி கிடைக்கும். 2000இல் வந்த மூன்றாம் பதிப்பில் மற்ற எல்லா கிளாஸுக்கும் எழுதப் படிக்கத் தெரியும், இவனுக்கு மட்டும் தெரியாது. இரண்டு ஸ்கில் பாயிண்ட் செலவழித்தால்தான் எழுத்து வரும். 'காட்டு மக்கள் எழுத்தறியாதவர்கள்' என்று அந்தப் புத்தகம் ஒரு வாக்கியமாக எழுதியிருந்தால் யாராவது சண்டைக்குப் போயிருப்பார்கள். விதியாக எழுதியதால் ஆடிவிட்டுப் போனார்கள்.

நம் பக்கத்துச் சரக்கும் அங்கே நிறைய உண்டு. அந்தக் கேமின் எதிரி உயிர்களைப் பட்டியலிடும் 1977 மான்ஸ்டர் மேனுவலில் ராட்சசன் புலித்தலையோடு வருகிறான். மந்திரித்த குறுக்குவில் அம்பு ஒன்று பட்டால் செத்துப்போவான். அந்த அம்பு எந்த ராமாயணத்திலும் இல்லை, ஒரு அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரிலிருந்து வந்தது. விபீஷணனும் அதே குலம்தான் என்பதற்கு அந்தப் பக்கத்தில் இடமே இல்லை. 1980இல் வந்த தெய்வங்கள் தொகுப்பில் இந்திரனுக்கும் காளிக்கும் ஹிட் பாயிண்ட், அதாவது அடிபட அடிபடக் குறையும் உயிர்ப்புள்ளி, போட்டிருந்தார்கள். ஹிட் பாயிண்ட் இருந்தால் அது தீர்ந்தும் போகும். ஆடி மாதம் கூழ் ஊற்றுகிறவர்களிடம் அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டுப் பாருங்கள்.

சரி, தேவதாசிக்கு வருகிறேன்.

தஞ்சைப் பெரிய கோயில் சுவரில் ராசராச சோழனின் கல்வெட்டு இருக்கிறது. பல ஊர்க் கோயில்களிலிருந்து கொண்டுவந்து குடியேற்றிய 400 தளிச்சேரிப் பெண்டுகளை, அதாவது கோயில் பணிப் பெண்களை, அது பெயர் பெயராகச் சொல்கிறது. ஒவ்வொருவர் முன்பும் அவர் எந்தக் கோயிலிலிருந்து வந்தார், இங்கே எந்தத் தெருவில் எத்தனையாவது வீடு என்ற விவரம் இருக்கிறது. தலைக்கு ஒரு பங்கு, அதாவது ஆண்டுக்கு நூறு கலம் நெல். இறந்தாலோ ஊரைவிட்டுப் போனாலோ அந்தப் பங்கு அடுத்த உறவினருக்கு. உறவினருக்குத் தகுதி இல்லை என்றால் தகுதியுள்ள வேறொருவருக்கு. அதே கல்வெட்டில் நட்டுவர், கணக்கர், தச்சர், தையல்காரர் என்று கோயிலை நடத்திய மற்றவர்களின் பங்கும் வருகிறது. இத்தனை விவரத்தில் மயக்குவது பற்றி ஒரு வரி இல்லை. வீடு, தெரு, நெல், வாரிசு, தகுதி. ஒரு வடிவமைப்பாளருக்கு இதைவிட என்ன வேண்டும்? இறந்தவரின் பங்குக்கு இரண்டு பேர் உரிமை கொண்டாடுகிறார்கள் என்று ஒரு வரி போதும், நான்கு வாரம் ஆடலாம்.

அப்புறம், இவர்கள் ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய ஆட்கள் மட்டும் இல்லை. பொட்டுக்கட்டுவதை, அதாவது பெண்களைக் கோயிலுக்கு நேர்ந்துவிடுவதைத் தடுக்கும் சென்னை மாகாணச் சட்டம் வந்தது 1947இல். அதற்காக முத்துலட்சுமி ரெட்டி பாடுபட்டார். அந்தச் சமூகத்திலேயே பிறந்த மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் முறையை ஒழிக்க ஊர் ஊராகப் பேசினார். அதே சமூகத்தைச் சேர்ந்த பெங்களூர் நாகரத்தினம்மாள் தடைக்கு எதிர்ப்பக்கம் நின்றார். அவர்தான் 18ஆம் நூற்றாண்டுத் தஞ்சைக் கவிஞர் முத்துப்பழனியின் தெலுங்குக் காவியத்தை 1910இல் பதிப்பித்தவர், தன் சொந்தப் பணத்தில் திருவையாற்றில் தியாகராஜருக்குச் சமாதிக் கோயில் எழுப்பியவர். பதிப்பாசிரியர், புரவலர், போராளி. இந்த மூன்றில் எதற்கும் உங்கள் கிளாஸில் திறன் இல்லை. ஒரே குலத்தில் பிறந்து எதிரெதிராக நின்ற இரண்டு பெண்களை ஒரே திறன் பட்டியலில் எப்படி அடைப்பீர்கள்? அந்தக் குடும்பங்களின் பேத்திகள் இன்று உங்கள் மேசையிலேயே ஆடிக்கொண்டிருக்கலாம். பாட்டியின் தொழிலை வீட்டுக்கு வெளியே சொல்லவே கூடாது என்று வளர்க்கப்பட்டவர்கள் அவர்களில் உண்டு. தயவுசெய்து இதை ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள்.

என் வேலையில் நான் பிடித்துக்கொண்டிருக்கும் நூல் ஒன்றுதான். கிளாஸ் என்பது செய்கை. பாடுவது, சண்டை போடுவது, பூட்டுத் திறப்பது, மந்திரம் படிப்பது. இவற்றை எந்த ஊரிலும் செய்வார்கள். பண்பாடு ஊரில் இருக்கிறது, பேக்ரவுண்டில், சாப்பாட்டில், யார் யாருக்குக் கடன்பட்டிருக்கிறார்கள் என்பதில் இருக்கிறது. தளிச்சேரித் தெருவில் வளர்ந்த ஒருத்தி பார்டு (பாணர்) ஆகலாம், விசார்டு (மந்திரவாதி) ஆகலாம், கோயில் கணக்கில் கைவைத்தவனைத் துரத்தும் ரோக் (தந்திரக்காரி) ஆகலாம். தெருவை எழுதுங்கள், கிளாஸை ஆடுபவரிடம் விடுங்கள். 2022இல் வந்த ரேடியன்ட் சிட்டடல் என்ற டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் சாகசத் தொகுப்பில் எழுத்தாளர் மிமி மண்டல் வங்காளத்தின் சாயலில் சங்கபூமி என்று ஒரு நாட்டை அப்படித்தான் எழுதினார். புது கிளாஸ் எதுவும் இல்லாமலே அந்த நாடு உயிரோடு இருக்கிறது.

பெயரை மாற்றினால் போதுமா என்று கேட்பீர்கள். சில இடங்களில் போதும். லிச் என்ற சாகாத மந்திரவாதி தன் உயிரை ஒளித்துவைக்கும் பெட்டிக்கு நெடுங்காலம் ஃபைலாக்டெரி என்று பெயர். அது யூதர்கள் தொழுகையில் அணியும் தோல்பேழைக்கும் உரிய சொல். பாத்ஃபைண்டர் என்ற இன்னொரு கேமில் அதை மாற்றிவிட்டார்கள், ஆட்டத்தில் ஒன்றும் குறையவில்லை. டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸின் 2024 பிளேயர்ஸ் ஹேண்ட்புக்கில் மாங்க் (துறவி வீரர்) கிளாஸின் 'கி' (கிழக்காசியர் சொல்லும் உயிராற்றல்) புள்ளிகள் 'ஃபோகஸ்' புள்ளிகள் ஆயின. இதை நான் வரவேற்கிறேன், இனி மற்போர் வழி வந்த ஒரு மாங்கைக் கூச்சமில்லாமல் எழுதலாம். ஆனால் 'தேவதாசி' என்பதை 'கோயில் நர்த்தகி' என்று மாற்றி அதே மயக்கும் திறனை வைத்து அனுப்பாதீர்கள். முதல் இரண்டு பேரில் ஒருவர் முதலில் அதைத்தான் செய்தார், திருப்பி அனுப்பினேன்.

தமிழில் விதிநூல் எழுதுகிறவர்களுக்கு இன்னொன்று. கிளாஸுக்கு 'வகுப்பு' என்று போடாதீர்கள். நம் மொழியில் வகுப்புக் கலவரம் என்ற சொல் இருக்கிறது. 'உன் வகுப்பு என்ன?' என்று கேரக்டர் ஷீட் கேட்டால் நம் ஊரில் அது வேறு கேள்வி. கிளாஸ் என்றே இருக்கட்டும், அல்லது 'தொழில்' என்று போடுங்கள். தொழிலைப் பிறப்போடு கட்டவும் கூடாது. இந்தக் குலத்தில் பிறந்தால் இந்த கிளாஸ்தான் எடுக்கலாம் என்று ஒரு விதி போன வருடம் ஒரு பிரதியில் பார்த்தேன். எழுதியவர் அதை வரலாற்று உண்மைக்காக வைத்ததாகச் சொன்னார். அந்தப் பக்கத்தைச் சிவப்பு மையில் முழுக்க அடித்தேன், மறுபடி வந்தாலும் அடிப்பேன்.

எழுதும்போதே திறன்களை மட்டும் ஒரு தாளில் தனியாக எழுதுங்கள், பெயர்களை நீக்கிவிடுங்கள். அந்தத் தாளை வாசிக்கிறவருக்கு என்ன மாதிரி ஆள் தெரிகிறார் என்று கேளுங்கள். எந்தச் சமூகத்தை எழுதுகிறீர்களோ அதைச் சேர்ந்த ஒருவருக்காவது பணம் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள், இலவசமாகக் கேட்காதீர்கள். இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொன்னால் பயப்பட வேண்டாம், அது நல்ல அறிகுறி. பிளேடெஸ்டில், அதாவது வெளியிடுமுன் ஆடிப் பார்க்கும்போது, மேசையில் சிரிப்பு வரும் இடங்களைக் குறித்துவையுங்கள். எதைப் பார்த்துச் சிரித்தார்கள் என்று பிறகு யோசியுங்கள்.

முக்கியமாக, எங்களிடம் சீக்கிரம் வாருங்கள். பக்க வடிவமைப்பை முடித்துப் பூட்டிய பிறகு, ஓவியருக்கு முழுப்பணமும் கொடுத்த பிறகு அனுப்பினால் நான் என்ன எழுதினாலும் "அடுத்த பதிப்பில் பார்க்கலாம்" என்பீர்கள். உங்கள் நிலைமை எனக்குப் புரிகிறது. ஆனால் முதல் பதிப்பைத்தான் எல்லோரும் வாங்குகிறார்கள்.

அந்தப் பையன் நேற்று மறுபடி அழைத்தார். கல்வெட்டின் அச்சு வடிவத்தைத் தேடி எடுத்து வாசித்துக்கொண்டிருக்கிறாராம். "அக்கா, நானூறு பேருக்கும் பேரு இருக்கு" என்றார். முதல் பத்துப் பெயரைப் போனிலேயே படித்துக் காட்டினார். ஓவியத்தை மட்டும் என்ன செய்வதென்று இன்னும் முடிவாகவில்லை.