மாதந்தோறும் கட்டும் 1 விழுக்காடு எங்கே போகிறது?

தென்னாப்பிரிக்காவில், டர்பனுக்கு வடக்கே ஃபீனிக்ஸ் பகுதியில், கரும்பாலைகளுக்கு மின் கட்டுப்பாட்டுப் பெட்டிகள் செய்துதரும் சிறு பட்டறை ஒன்றின் கணக்குகளை நான் பார்த்துவருகிறேன். அதன் உரிமையாளரான பெரியவர், வருவாய்த்துறைக்கு மாதாமாதம் தாக்கல் செய்யும் இ.எம்.பி. 201 படிவத்தை ஒருநாள் என் மேசையில் விரித்து, ஒரு வரியின்மேல் விரலை வைத்து, "தம்பி, இதை எத்தனை வருஷமாகக் கட்டுகிறேன்! ஒரு காசாவது திரும்பி வந்ததா?" என்று கேட்டார். வரவில்லை. கேட்டால் வரும் என்று அவருக்கு யாரும் சொல்லவும் இல்லை.

அவர் தொட்டுக் காட்டியது திறன் மேம்பாட்டு வரி. 1999ஆம் ஆண்டின் சட்டப்படி, ஆண்டு ஊதியச் செலவு 5 லட்சம் ராண்டைத் தாண்டும் ஒவ்வொரு முதலாளியும் அதில் 1 விழுக்காட்டைச் செலுத்துகிறார். அதில் 80 விழுக்காடு, அந்தந்தத் தொழில்துறைக்கென அமைந்த செட்டா எனப்படும் பயிற்சி ஆணையத்துக்கும், மீதி தேசியத் திறன் நிதியத்துக்கும் போகிறது. வரும் ஆண்டின் பயிற்சித் திட்டத்தையும் கடந்த ஆண்டின் பயிற்சி அறிக்கையையும் ஏப்ரல் 30க்குள் செட்டாவிடம் அளிப்பவருக்கு, இன்றைய நடைமுறையில், கட்டிய வரியில் 20 விழுக்காடு திரும்ப வரும். ஆண்டுக்கு 12 லட்சம் ராண்ட் சம்பளம் கொடுப்பவருக்கு இது 2,400 ராண்ட்தான். இந்தச் சிறு தொகைக்காக யார் படிவம் நிரப்புவது என்று பலர் விட்டுவிடுகிறார்கள். ஆனால் வரியில் ஏறத்தாழ பாதி, பயிற்சிப் பணியிடங்களுக்கும் உதவித்தொகைகளுக்கும் செட்டா தன் விருப்பப்படி வழங்கும் நிதியாக இருக்கிறது. அதற்கு விண்ணப்பிக்கும்போது, பயிற்சித் திட்டம் அளித்திருக்கிறீர்களா என்ற கேள்விதான் பெரும்பாலும் முதலில் எழும்.

பெரியவரின் கோப்பைப் புரட்டியபோது இன்னொன்றும் தெரிந்தது. தொடக்கத்தில் அவர் மின்சாமான் விற்கும் கடை வைத்திருந்ததால், மொத்த, சில்லறை வணிகத்துக்கான செட்டாவின் குறியீட்டிலேயே பதிவாகியிருந்தார். கடை பட்டறையாக மாறிப் பல காலம் ஆகியும் குறியீடு மாறவில்லை. பொறியியல் உற்பத்திக்கான மெர்செட்டாவுக்குப் போயிருக்க வேண்டிய பணம் முழுவதும் வணிகத்துறைக்கே போய்க்கொண்டிருந்தது. கணினி விற்பனையில் தொடங்கி மென்பொருள் எழுதும் நிலைக்கு வளர்ந்த நிறுவனங்களிலும் இதே கதையைக் கண்டிருக்கிறேன். உங்கள் பதிவில் எந்தக் குறியீடு இருக்கிறது என்று இன்றே பாருங்கள். தொழில் மாறியிருந்தால் செட்டாவை மாற்றித்தரும்படி விண்ணப்பிக்கலாம்.

பயிற்சியாளரை வேலைக்கு அமர்த்துவோருக்கு வருமான வரிச் சட்டத்தின் 12எச் பிரிவும் துணை நிற்கிறது. செட்டாவில் முறையாகப் பதிவான பயிற்சி ஒப்பந்தம் ஒன்றுக்கு, கல்வி, தொழில் தகுதிகளை நிலைவாரியாக வகுக்கும் தேசியத் தகுதிச் சட்டகத்தின் 1 முதல் 6 வரையிலான நிலைகளில், ஆண்டுக்கு 40,000 ராண்டும், பயிற்சி முடிந்ததும் மேலும் 40,000 ராண்டும் வரிக்குரிய வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளலாம். ஒப்பந்தம் பதிவாகாமல் வெறும் கையெழுத்தோடு நின்றுவிட்டால் இந்தக் கழிவு கிடைக்காது.

எனக்கு இன்றும் மனவருத்தம் தருவது வேறொன்று. அந்தப் பட்டறையில் ஓர் இளைஞர், ஆலைச் சக்கரங்களின் தாங்கிகள் சூடாவதை முன்கூட்டியே அறியும் உணரியை இரண்டு ஆண்டுகள் முயன்று உருவாக்கினார். அறிவியல் அல்லது தொழில்நுட்ப ஆய்வாகத் தகுதி பெறும் செலவில் ஒவ்வொரு 100 ராண்டுக்கும் 150 ராண்டை வரிக்குரிய வருமானத்திலிருந்து கழிக்க அதே வருமான வரிச் சட்டத்தின் 11டி பிரிவு இடம் தருகிறது. இந்தச் சலுகை 2033 டிசம்பர் வரை நீட்டிக்கப்பட்டிருக்கிறது. ஆனால் அறிவியல், தொழில்நுட்ப, புத்தாக்கத் துறையின் ஒப்புதல் வேண்டும். விண்ணப்பிக்கும் நாளுக்கு முந்தைய ஆறு மாதங்களிலும் அதன் பிறகும் செய்த செலவே கணக்கில் சேரும்; அதற்கும் முந்தையது சேராது. எங்களுக்கு நினைவு வந்தபோது பெரும்பகுதிச் செலவு அந்த எல்லையைக் கடந்திருந்தது. பட்டறையில் என்ன புதிதாகச் செய்கிறீர்கள் என்று நான் ஆண்டுதோறும் கேட்டிருக்க வேண்டும். இப்போது எல்லா வாடிக்கையாளர்களிடமும் கேட்கிறேன்.

சம்பளப் பட்டியலே இல்லாத வீடுகளுக்கும் வழி இருக்கிறது. அரசின் நெமிசா நிறுவனம் இலவச எண்ணியல் திறன் வகுப்புகளை நடத்துகிறது. டர்பன் இருக்கும் குவாசூலு-நேட்டால் மாகாணத்தில் அதன் கூட்டு மையம் டர்பன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் இயங்குகிறது. ஒப்பந்தக் கூலியாக நேட்டாலுக்கு வந்து, பிறர் பிள்ளைகள் தொழில் கற்பதற்காகத் தம் பணத்தைக் கொடுத்த எம். எல். சுல்தானின் பெயரிலான கல்லூரியும் இணைந்து பிறந்த பல்கலைக்கழகம் அது. நம் பிள்ளைகள் அந்த வாசலை அறிந்திருக்க வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

பயிற்சி இடம் வாங்கித் தருவதாகச் சொல்லி வாட்ஸ்அப்பில் பதிவுக்கட்டணம் கேட்பவர்களிடம் மட்டும் எச்சரிக்கையாக இருங்கள். செட்டா நிதிக்கோ பயிற்சி இடத்துக்கோ விண்ணப்பிக்கக் கட்டணம் கிடையாது. டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் ஓர் அம்மா மகனுக்காக 850 ராண்ட் அனுப்பிவிட்டு, ரசீதைக் கையில் பிடித்துக்கொண்டு என் அலுவலகத்துக்கு வந்தார். அந்தக் கைப்பேசி எண் அதற்குள் அணைக்கப்பட்டிருந்தது.

பெரியவர் குறியீட்டை மாற்ற விண்ணப்பித்துவிட்டார். அடுத்த ஆண்டுக்கான பயிற்சித் திட்டத்தில் இரண்டு பெயர்கள் எழுதியிருக்கிறோம். ஒன்று, உணரி செய்த அந்த இளைஞருடையது.